எலியும் முயலும் நடுக்குவாதமும்

கனடா நாட்டு எலி ஒன்று, சுவீடன் நாட்டு முயல்கள் சில, நம் நாட்டுத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய பெரியவர் ஒருவர். இவற்றுக்குள் என்ன உறவு என்று கேட்பீர்கள். உறவு உண்டு. பெரியவரிலிருந்தே தொடங்குவோம், எலியையும் முயலையும் நாங்கள் தேடிப் போனதே அவரால்தான்.

அவர் எங்கள் பெரியப்பா. விடியற்காலைப் பெரட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர். தம் நிறையை மற்றவர்களுக்கு முன் வெட்டி முடித்துவிட்டு, மங்கில் பால் நிறையும் வரை பழைய படப் பாட்டுகளை உரக்கப் பாடிக்கொண்டிருப்பவர். ஐம்பத்தாறாம் வயதில் அவருடைய வலக்கைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சும்மா இருக்கும்போதே ஆடத் தொடங்கின. ஒட்டுப்பாலை விரலிடுக்கில் வைத்து உருட்டுவது போன்ற அசைவு. உளியைப் பிடித்தால் ஆட்டம் நின்றுவிடும். ஆகவே ஒருவரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. பிறகு நடை குறுகியது. சம்பளத்தன்று போடும் கையெழுத்து மாதத்துக்கு மாதம் சிறுத்து, கடைசி எழுத்து எறும்பு போல் ஆயிற்று. சிரித்த முகம் மரமாகிப் போனது.

லயத்தில் பலவாறு பேசினார்கள். "வேலைக்குக் கள்ளம் பண்றாரு" என்றார்கள் சிலர். "யாரோ செஞ்சி வச்சிட்டாங்க" என்றார்கள் வேறு சிலர். பெரியம்மாவுக்கு உறுத்தியது வேறொன்று. "கை நடுங்குனா நடுங்கிட்டுப் போவுது. இந்த மனுசனுக்கு எதுலயுமே ஆச இல்லாமப் போச்சே" என்பார். பாட்டு நின்றது. வானொலிப் பெட்டியைத் திருப்புவதில்லை. பேரன் வந்து மடியில் ஏறினால் இறக்கிவிட மாட்டார். ஆனால் தாமாக அழைக்கவும் மாட்டார்.

பெரியம்மா கண்ணால் கண்டு சொன்ன அந்த ஒன்றை மருத்துவ உலகம் புரிந்துகொள்ள ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பிடித்தன.

இலண்டன் நகரின் ஷோர்டிச் பகுதியில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் வாழ்ந்தார். ஏழை எளியவருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று புனைபெயரில் துண்டுநூல்கள் எழுதிய மனிதர். 1817ஆம் ஆண்டில் அவர் 66 பக்கமே உள்ள ஒரு சிறு நூலை வெளியிட்டார். நடுக்குவாதம் என்று நாம் சொல்லும் நோயைப் பற்றியது அது. அதில் வரும் நோயாளிகள் ஆறே பேர். அவர்களிலும் சிலரை அவர் தெருவில்தான் கண்டார். ஒருவரைத் தூரத்தில் பார்த்ததோடு சரி. ஆயினும் அவர் எழுதி வைத்த நடுக்கமும், முன்னே கவிந்த உடலும், ஓட்டமாக மாறும் குறுநடையும் இன்றைய மருத்துவர் காண்பவையே. பின்னாளில் பாரிஸ் நகரத்து மருத்துவ மேதை ஷார்க்கோ இந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரையே சூட்டினார். இந்நோயால் புலன்களுக்கும் அறிவுக்கும் கேடில்லை என்பது பார்க்கின்சனின் கருத்து. பெரியம்மா அருகில் இருந்திருந்தால் மறுத்திருப்பார்.

நோய் உடம்பில் எங்கே குடியிருக்கிறது என்பது நூறு ஆண்டு வரை புதிராகவே இருந்தது. 1919ஆம் ஆண்டில் பாரிஸில் திரெத்தியாக்காஃப் என்ற ஆய்வாளர், இந்நோயால் இறந்தவர்களின் மூளைகளை அறுத்துப் பார்த்தார். நம் நடுமூளையில் மையால் இழுத்தாற்போல் கருநிறக் கோடு ஒன்று உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் கரிய நிறமி உடையவை. நோயாளிகளிடம் அந்தக் கருமை வெளுத்திருந்தது, அணுக்கள் செத்திருந்தன. அந்த அணுக்களின் வேலை என்ன என்பதைச் சொல்ல அன்று ஆளில்லை.

இனி எலிக்கு வருவோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கல்வி உளவியல் படித்தபோது இந்த எலியின் கதையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். அதன் பொருள் எங்களுக்கு விளங்கியது நெடுநாள் கழித்துத்தான்.

1953ஆம் ஆண்டு, கனடாவின் மொன்றியல் நகரில் மெக்கில் பல்கலைக்கழகம். ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பி ஒன்றைச் செருகிச் சிறிதளவு மின்சாரம் பாய்ச்சினார்கள். மின்சாரம் பட்டால் எலி விலகி ஓடும் என்று எண்ணுவோம். இந்த எலியோ, மேசையின் எந்த மூலையில் மின்சாரம் கிடைத்ததோ அந்த மூலைக்கே திரும்பத் திரும்ப வந்தது. கம்பி அவர்கள் குறிவைத்த இடத்தில் இல்லை. குறி தவறி வேறோர் இடத்தில் இறங்கியிருந்தது. அந்தத் தவறுதான் கண்டுபிடிப்பு ஆயிற்று. அடுத்து, எலியே அழுத்தி மின்சாரம் பெறும்படி ஒரு விசையை அமைத்துக் கொடுத்தார்கள். எலிகள் ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான முறை அழுத்தின. பசித்த எலியும் உணவைவிட்டு விசையைத் தேடியது. 1954இல் இந்த ஆய்வு வெளியானது. ஓல்ட்ஸ் அந்த இடங்களை 'இன்ப மையம்' என்று அழைத்தார். பிறகு 'வெகுமதி மையம்' என்ற பெயர் நிலைத்தது. இன்பம் என்ற பெயர் சரிதானா என்பதைப் பின்னால் பார்ப்போம்.

முயல்களின் கதை 1957இல் நடந்தது. சுவீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஆர்விட் கார்ல்சன் என்பவர் முயல்களுக்கு ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தார். இது நம் முன்னோர் பித்துக்கும் தூக்கமின்மைக்கும் கொடுத்துவந்த சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்ட பொருள். ஊசி போட்ட முயல்கள் காது தொங்கி, அசைவற்று, பிடித்துவைத்த பிள்ளையாராய் உட்கார்ந்துவிட்டன. அடுத்து எல்-டோபா என்ற பொருளை ஊசி மூலம் செலுத்தினார். சற்று நேரத்துக்கெல்லாம் முயல்கள் எழுந்து ஓடின! எல்-டோபா மூளைக்குள் போய் டோபமின் என்ற பொருளாக மாறுகிறது. அதுவரை டோபமினை மற்றொரு பொருள் உண்டாவதற்கு இடையில் வரும் வெறும் சரக்கு என்றே அறிஞர்கள் கருதினார்கள். அதுவே ஒரு தூதுப் பொருள் என்று கார்ல்சன் சொன்னபோது பெரியவர்கள் நம்பவில்லை. 1960இல் இலண்டனில் கூடிய மாநாட்டில் அவரை ஐயத்தோடுதான் பார்த்தார்கள். நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது 2000ஆம் ஆண்டில்.

வியன்னா நகரத்தில் ஒலே ஹோர்னிகேவிச் என்ற இளம் ஆய்வாளர் நம்பினார். இறந்தவர்களின் மூளைகளை வாங்கி, டோபமின் மிகுந்திருக்க வேண்டிய பகுதியை எடுத்து, இரசாயனச் சோதனை செய்தார். நோயில்லாதவர் மூளையில் கரைசல் இளஞ்சிவப்பாகியது. நடுக்குவாதம் கண்டவர் மூளையில் அந்தச் சிவப்பு ஏறக்குறைய வரவே இல்லை. கருவி எதுவும் வேண்டாமல் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது குறை. 1960இல் அதை அறிவித்தார். அடுத்த ஆண்டு பிர்க்மாயர் என்ற மருத்துவர், படுக்கையில் கிடந்த முதிய நோயாளிகளுக்கு எல்-டோபாவை ஊசியாகச் செலுத்தினார். எழ முடியாதவர்கள் எழுந்தார்கள்; நின்றவர்கள் நடந்தார்கள்; குழறிய பேச்சு தெளிந்தது. சில மணி நேரமே நிலைத்தாலும், அதைக் கண்டவர்கள் எப்படித் திகைத்திருப்பார்கள்! டோபமினையே ஊசியாகப் போட்டால் பயனில்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஒரு காவல் இருக்கிறது. அது டோபமினை உள்ளே விடாது, எல்-டோபாவை விடும். அமெரிக்காவில் ஜார்ஜ் காட்சியாஸ் என்பவர் 1967இல், வாய்வழியாகச் சிறிது சிறிதாக அளவை ஏற்றிக் கொடுத்து, நாள்தோறும் பயன்படும் மருந்தாக இதை ஆக்கினார்.

இந்த எல்-டோபா நமக்கு அயலான சரக்கு அன்று. பூனைக்காலி விதையைச் சித்த வைத்தியம் அறிந்தவர்கள் அறிவார்கள். காயின் சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்குமே, அதே பூனைக்காலிதான். 1937ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி என்ற இருவர் அந்த விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்தார்கள். அது எந்த நோய்க்கு மருந்தாகும் என்பது அன்று உலகில் ஒருவருக்கும் தெரியாது. 1990 ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து நம் தோட்டங்களில் நிலத்தை மூடுவதற்கு நட்ட முக்குனாக் கொடியும் பூனைக்காலியின் இனமே. அதற்காகக் கொடியைப் பறித்துக் கஷாயம் வைத்துவிடாதீர்கள். அளவு தெரியாத மருந்து மருந்தாகாது.

கருநிற அணுக்கள் ஏன் சாகின்றன? முதுமை, பரம்பரை, அணுக்களுக்குள் திரளும் ஒருவகைப் புரதம் எனக் காரணங்கள் பல கூடுகின்றன. வெளியிலிருந்து வரும் நஞ்சும் ஒன்று என்பது 1982இல் தெரிந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் போதைக்கு ஆசைப்பட்ட இளைஞர்கள் சிலர், கள்ளத்தனமாகத் தயாரித்த ஒரு பொடியை ஊசியாக ஏற்றிக்கொண்டார்கள். சில நாளில் சிலைபோல உறைந்து போனார்கள். பொடியில் கலந்திருந்த ஒரு நஞ்சு அவர்களுடைய கருநிற அணுக்களைக் கொன்றிருந்தது. இன்பத்தைத் தேடிப் போய், நாட்டத்தின் ஊற்றையே அழித்துக்கொண்டார்கள். அந்த நஞ்சு உடம்புக்குள் மாறும் வடிவம், நம் தோட்டங்களில் புல்லுக்கு அடித்த பாராகுவாட் மருந்தின் அமைப்பை ஒத்தது. பாராகுவாட்டைக் கையாண்டவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்று 2011இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. நம் அரசாங்கம் 2002இல் அதைத் தடை செய்ய முற்பட்டது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து முற்றிலும் தடை செய்தது. பெரியப்பாவும் சில ஆண்டுகள் தோளில் தொட்டியைச் சுமந்து மருந்தடித்தவர். அதனால்தான் அவருக்கு நோய் வந்தது என்று சொல்ல மாட்டோம்; ஒரு தனி மனிதரைக் காட்டி அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆனால் முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அந்த வேலையைச் செய்த தாய்மார்களை நினைத்தால் எங்களுக்கு நெஞ்சு கனக்கிறது.

எலியும் முயலும் ஒரே இடத்தில் சந்தித்த கதைக்கு வருவோம். 1960 ஆண்டுகளில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், மூளைத் திசுவில் டோபமின் உள்ள இடமெல்லாம் பச்சையாக ஒளிரும்படி செய்யும் முறையைக் கண்டார்கள். அப்போது நடுமூளையில் அண்டை வீடுகள் போல் இரண்டு கூட்டம் தெரிந்தது. ஒன்று, கருநிறக் கோட்டுக் கூட்டம். அதன் நரம்பிழைகள் அசைவை நடத்தும் பகுதிக்குப் போகின்றன. மற்றது, பக்கத்துக் கூட்டம். அதன் இழைகள் வெகுமதி மையத்துக்குப் போகின்றன. ஓல்ட்ஸின் எலி விசையை ஓயாமல் அழுத்தியதற்கு இந்தப் பாதைதான் பெரிதும் காரணம் என்று பின்னர் விளங்கியது. மனித மூளையில் 8,600 கோடி நரம்பணுக்கள் உண்டு. டோபமின் செய்யும் இந்த நடுமூளை அணுக்களோ சில இலட்சமே. அந்தச் சில இலட்சம் பேரை நம்பித்தான் நாம் எழுகிறோம், நடக்கிறோம், ஒன்றை விரும்புகிறோம்.

டோபமின் இன்பத்தைத் தருகிறதா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பெரிட்ஜ், ராபின்சன் என்ற இருவர் 1989இல் இதைச் சோதித்தார்கள். மூளையில் டோபமினை ஏறக்குறைய முழுவதும் இழந்த எலிகள், எதிரில் உணவு இருந்தும் உண்ணாமல் கிடந்தன. ஆனால் சர்க்கரைத் தண்ணீரை வாயில் விட்டால் உதட்டை நக்கிச் சுவைத்தன! சுவை போகவில்லை, நாட்டம் போய்விட்டது. இதைப் படித்த அன்று எங்களுக்குப் பொங்கல் நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. பெரியம்மா பாயசத்தை ஊட்டினார். பெரியப்பா வழித்துச் சாப்பிட்டார். "நல்லா இருக்கா?" என்றதற்குத் தலையாட்டினார். இன்னும் வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை.

குரங்குகளிடமும் ஓர் ஆய்வு நடந்தது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற அறிஞர், ஒரு விளக்கைக் காட்டிவிட்டுக் குரங்கின் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விடுவார். முதலில் சாறு விழும்போது டோபமின் அணுக்கள் துடித்தன. பழகிய பிறகு விளக்கு எரிந்தவுடனேயே துடித்தன. சாறு விழும்போது துடிக்கவில்லை. சாறு வருமா வராதா என்று பாதிக்குப் பாதி ஐயமாக இருக்கும் வேளையில்தான், காத்திருக்கும் நேரத்தில் அவற்றின் துடிப்பு மிக அதிகம் என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. நம்பர் எடுத்துவிட்டுக் குலுக்கலுக்குக் காத்திருப்பவரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்நோயில் கருநிறக் கூட்டம்தான் அதிகமாகச் சாகிறது. கைநடுக்கம் வெளியில் தெரிவதற்குள் அதில் பாதியளவு போய்விட்டிருக்கும். பக்கத்துக் கூட்டமும் தேய்கிறது, ஆனால் அவ்வளவு அன்று. இப்போது மருந்தைக் கொடுக்கிறோம். ஒரே குழாயிலிருந்து இரண்டு பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு பாத்தி காய்ந்து வெடித்திருக்கிறது; அடுத்தது பாதி ஈரமாக இருக்கிறது. காய்ந்ததற்குப் போதுமான அளவு தண்ணீர் விட்டால், ஈரப் பாத்தியில் வெள்ளம் நிற்கும். வெகுமதி மையத்தில் நிற்கும் வெள்ளம் எப்படிப்பட்டது என்பதை எங்கள் வீட்டில் பார்த்தோம்.

2008ஆம் ஆண்டில் பெரியப்பாவுக்கு எல்-டோபாவோடு பிரமிபெக்சோல் என்ற மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இது டோபமினைப் போலவே நடிக்கும் மருந்து. நடை நன்றாகத் தேறியது. பாட்டுகூட ஒருநாள் கேட்டது. பெரியம்மா கோயிலுக்குப் பால்குடம் எடுத்தார். சில மாதம் சென்றிருக்கும். வாழ்நாளில் நாலு நம்பர் சீட்டுக் கையால் தொடாத மனிதர், குலுக்கல் நாள்தோறும் நகரத்துக்குப் போகத் தொடங்கினார். முதலில் இரண்டு வெள்ளி, பிறகு இருபது, பிறகு இருநூறு. வங்கியில் போட்டிருந்த சேமநிதிப் பணம் கரைந்தது. பெரியம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. நாலு எழுத்துப் படித்தவர்கள் என்று பெயர் எடுத்த நாங்களே, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க அவரைத் திட்டினோம். "வயதான காலத்தில் வெட்கமாக இல்லையா பெரியப்பா?" என்று கேட்டோம். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "தெரியுதுய்யா. தெரிஞ்சும் காலு போவுது."

இதற்கு மூன்றாண்டுக்கு முன்பே, 2005இல், அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தார் சூதாட்ட வெறி பிடித்த 11 நடுக்குவாத நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். பதினொருவரும் இவ்வகை மருந்து உண்டவர்கள். ஒன்பது பேர் உண்டது இதே பிரமிபெக்சோல். அங்கே கேள்வி கேட்ட மருத்துவர் இருந்தார். எங்களுக்கு மருந்து கொடுத்த இடத்தில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. பெட்டிக்குள் இருந்த தாளில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்தார்களாம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பெரியம்மாவுக்கு அதனால் என்ன பயன்? 2010இல் 3,090 நோயாளிகளைக் கொண்டு பெரிய ஆய்வு ஒன்று வெளியானது. இவ்வகை மருந்து உண்பவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேருக்குச் சூதாட்டம், ஓயாமல் பொருள் வாங்குவது, அளவின்றி உண்பது, காமம் மிகுவது ஆகியவற்றில் ஒன்றோ பலவோ அடக்க முடியாமல் போயிருந்தது. அந்த மருந்தை உண்ணாத நோயாளிகளில் நூற்றுக்கு ஏழு பேர்தான் அப்படி.

எங்களுக்கு விடிவு வந்தது ஓர் இளம் மருத்துவரால். மருந்து வாங்கப் போன பெரியம்மாவிடம் அவர், "ஐயா புதுசா ஏதாவது சூதாட்டம், செலவுன்னு ஆரம்பிச்சாரா?" என்று கேட்டாராம். பெரியம்மா வீட்டுக்கு வந்து, "நான் ஒண்ணுமே சொல்லலியே, அந்த டாக்டரம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று வியந்தபடி இருந்தார்.

மாத்திரையை உடனே நிறுத்தவில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் வீட்டில் இந்நோய் உள்ளவர் இருந்தால், அவர்களும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. எல்-டோபாவைத் திடீரென்று விட்டால் உடல் இறுகிக் காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். மற்றதைத் திடீரென்று விட்டால் மனம் மிகவும் சோர்ந்து போகும். பெரியப்பாவுக்குச் சிறிது சிறிதாகக் குறைக்க நான்கு மாதம் பிடித்தது. இடையில் சில வாரங்கள் அவர் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒரு குலுக்கல் நாளில் நாங்கள் போயிருந்தபோது வாசலில் அமர்ந்து ஒட்டுப்பால் உருட்டும் அந்தப் பழைய விரலாட்டத்தோடு இருந்தார். நடை முன்பைவிட மெதுவாகத்தான் இருந்தது. "கடைக்குப் போகலியா பெரியப்பா?" என்று கேட்டோம். "தோணலியே" என்றார். நாங்கள் அன்று திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டோம். அவர் அதற்குப் பதில் சொல்லாமல், வானொலியைக் கொஞ்சம் திருப்பச் சொன்னார்.